தப்பாகச் சொல்லத் தெரிந்தவன்

அந்தக் குடியிருப்பில் அவனைப் பன்னு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது கிளம்பிப் போவான். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வீட்டுக்கு வந்து விழுவான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். அவனைப் பெரிய மூளைக்காரன் என்று யாரும் சொன்னதில்லை, மடையன் என்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் நடு பெஞ்சு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதற்குக் காரணம் அவன் மண்டை அல்ல, அவன் அப்பாவின் நுரையீரல். அவர் படுத்த படுக்கையானதும் இவன் மாவுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற அளவு புத்தி அவனுக்கும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு குறையுமில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பிறந்த பெண் அப்படி இல்லை. ஒன்பது வயதுக்காரி. குடியிருப்பில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். தவழ்கிற வயதிலேயே யாராவது கொஞ்ச வந்தால், சரி, முடிந்ததா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். கிச்சுகிச்சு மூட்டினால் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று விசாரிப்பாள். சிரிப்பு மட்டும் வராது. நாலு வயதில் மருந்துப் பாட்டிலின் பின்பக்கத்தை எழுத்து விடாமல் வாசித்தாள். பொய் அவளுக்கு அறவே ஆகாது. ஒருமுறை பன்னுவைப் பார்க்க யாரோ வந்தபோது, அப்பா இல்லை என்று சொல்லச் சொல்லி அம்மா அனுப்பினாள். இவள் கதவைத் திறந்து, "அப்பா உள்ளதான் இருக்கார். உங்களப் பாக்க இஷ்டமில்லையாம்" என்றாள். வந்தவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னென்னவோ சோதனை வைத்துப் பார்த்துவிட்டு, இது மீத்திறன் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது அங்கே ஆலோசகராக இருந்த ஒரு அம்மாள். "ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. இந்தப் பிள்ளைங்களுக்குச் சலிப்புதான் விஷம். வீட்டுலயும் மூளைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள். இந்த நிபுணர்கள் இருக்கிறார்களே, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வாக்கியம் வீட்டுக்கு வந்து யார் தலையில் உட்காரும் என்று அவர்களுக்குக் கவலை கிடையாது.

முதலில் அது உட்கார்ந்தது பன்னுவின் மனைவி தலையில். அவள் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் பார்சல்களை எடை போட்டு ஒட்டுகிறவள். படிக்கிற காலத்தில் வகுப்பில் முதல் ஆள். முதல் ஆளாக இருந்து என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்க வேண்டாம். கேட்டால் ஒட்டுகிற டேப்பை உங்கள் வாயில் ஒட்டிவிடுவாள். தனக்குக் கிடைக்காததெல்லாம் பெண் வழியாக வந்து சேரப்போகிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மீத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்தாள். வீடு மாறியது.

குளியலறைச் சுவரில் உலகப் படம் ஏறியது. சமையலறைத் தராசு பெண்ணின் ஆராய்ச்சிக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தாள் பெண்; அது கடைசிவரை கழன்றபடியே ஒரு டப்பாவில் கிடந்தது. நிழலை அளக்கப் பால்கனியில் ஒரு கம்பு நட்டார்கள், துணி காயப்போட இடமில்லாமல் ஆயிற்று. டிவி மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனது. மதியம் வந்து படுக்கிற கட்டிலில் ஒருநாள் சூரியனும் கிரகங்களும் பசை காயாமல் பரப்பிக் கிடந்தன. பன்னு தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். பிள்ளைக்காகத்தானே என்று அவனுக்கு வருத்தமொன்றும் இல்லை.

இவ்வளவு செய்தும் பெண்ணுக்குச் சலித்தது. புதிர்ப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு, வேறு இருக்கிறதா என்று நிற்பாள். அப்படி ஒரு விடுமுறை நாள் மதியம், பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்தவனை உலுக்கினாள்.

"அப்பா, ஒரு முழு ரொட்டியப் பத்துத் துண்டா நறுக்கணும்னா கத்தி எத்தன தடவ இறங்கணும்?"

"பத்து" என்றான் பன்னு, கண்ணைத் திறக்காமல்.

பிறகு ஏதோ ஒரு சத்தம் வந்தது. குழாயில் தண்ணீர் வரும் முன்னால் காற்று வருமே, அப்படி. கண்ணைத் திறந்து பார்த்தால் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டில் காலில் சாய்ந்து, மூக்கு சிவக்கச் சிரிக்கிறாள். "ஒன்பதுப்பா. ஒன்பது வெட்டு வெட்டினாலே பத்துத் துண்டு வந்துடும். நீ பேக்கரியிலதானே வேல பாக்குற" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். தினமும் ரொட்டியோடு மாரடிக்கிறவனுக்கு அது தெரியாதா. தூக்கக் கலக்கத்தில் வாய் குழறிவிட்டது. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக எதிர்பார்த்த சிரிப்பு எதிரே உட்கார்ந்திருந்தது. தூக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே ஒரு தப்புச் சொன்னான். அவள் சிரித்தாள். சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் அவளிடம் இதைச் சொல்லி, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சரியான ஆளுங்க நீங்க" என்று அவன் முதுகில் தட்டினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் அப்படித் தட்டியது அவனுக்கு நன்றாக இருந்தது.

அவள் அதை அதோடு விட்டிருக்கலாம். குழுவில் போட்டாள், ஆலோசகர் அம்மாளிடமும் சொன்னாள். அந்த அம்மாள் துள்ளிக் குதித்தாளாம். தனக்குத் தெரிந்ததை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் இந்தப் பிள்ளைகளின் மூளை வேர் விடும், மெதுவாகப் புரிந்துகொள்கிற ஒரு மாணவர் கிடைத்தால் அதைவிடப் பாக்கியமில்லை என்றாளாம். கீழ்வீட்டுக் குழந்தையை ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்தார்கள், அழுதுகொண்டே போய்விட்டது. பன்னுவுக்கு வேலை நிரந்தரமாயிற்று.

பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வகுப்பு. குட்டையான ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். அவளை மிஸ் என்றும் நீங்க என்றும் கூப்பிட வேண்டும். அவள் அவனை நீ என்பாள், அது முன்பே வழக்கம்தான். பன்னு கையைத் தூக்கிக்கொண்டு, "மிஸ், ஒரு சந்தேகம்" என்பான். ஜட்ஜம்மா கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாள். அந்த முதல் மாதங்களை நினைத்தால் இப்போதும் அவனுக்கு நெஞ்சு நிறையும்.

தப்பாகச் சொல்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் அந்த முக்காலியில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய்க்கு வந்ததை உளறினால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். யோசிக்காமல் சொல்கிறாய் என்று ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாள். அவளுக்கு வேண்டியது காரணமுள்ள தப்பு. கால் பங்கு பெரிதா, ஆறில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், ஆறில் ஒன்று என்று சொல்ல வேண்டும். ஏன் என்றால், "நாலைவிட ஆறு பெரிசுங்களே மிஸ்" என்று பரிதாபமாக விழிக்க வேண்டும். அப்போது அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வரும். ஒரு ரொட்டியை நாலாக நறுக்கி, இன்னொன்றை ஆறாக நறுக்கி, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே அவன் முதலில் சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம், அது தெரியாத ஒருவன் எந்த இடத்தில் வழுக்குவான் என்று பார்த்து, அந்த இடத்தில் போய் விழ வேண்டியிருந்தது. இதற்காகப் படிக்க ஆரம்பித்தான். பெண்ணின் பழைய புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், மாவு பொங்குகிற நேரத்தில் அடுப்பு வெளிச்சத்தில் வாசிப்பான். பள்ளிக்கூடத்தில் புரியாத பின்னம் இப்போது புரிந்தது. சதவீதம் புரிந்தது. நிலா தேய்வது ஏன் என்று தெரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னான்.

"என்ன பன்னு, பரீட்சை எழுதப்போறியா?" என்றார் அடுப்பு பார்க்கிற பெரியவர்.

"ஆமாண்ணே. ஃபெயிலாகறதுக்குப் படிக்கிறேன்" என்றான்.

அவன் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. என்றைக்காவது ஒருநாள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லப் போகிறான். மிஸ் கேட்கக் கேட்க, டக் டக்கென்று. அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். அப்பா மக்கு இல்லை, இத்தனை நாள் என்னைச் சிரிக்கவைக்கத்தான் இப்படிச் செய்தார் என்று அவளுக்குத் தெரியவரும். அன்றைக்கு அவள் சிரிக்கப்போகிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே மாவு பிசைவான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நாள்தான்.

அந்த நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. பெண் சிரிப்பதும் குறைந்துகொண்டே வந்தது. தப்புகள் அவளுக்குப் பழகிவிட்டன. பழகிய தப்பில் என்ன சிரிப்பு இருக்கிறது. இவர் ஏன் இன்னும் தேறவில்லை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. தப்புக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும், அப்போதுதான் கற்பிக்கிறவர்மேல் மரியாதை வரும் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அதிலிருந்து, பாடம் முடியும்வரை பன்னுவுக்குத் தேநீர் கிடையாது. விடியுமுன் எழுந்தவன், மதியத் தூக்கத்தையும் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, காலி வயிற்றோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். சீக்கிரம் சரியாகச் சொன்னால் தேநீர் வரும், ஆனால் பாடம் கெட்டுவிடும். தேநீரைப் பார்த்துக்கொண்டே தப்புத் தப்பாகச் சொல்வான்.

பள்ளிக்கூட வாசலுக்கு அவன் வர வேண்டாம் என்று ஒருநாள் பெண் சொன்னாள். "யாராவது ஏதாவது கேட்டா நீ குழம்பிடுவே" என்றாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை, நிஜமான அக்கறையோடு சொன்னாள். அதுதான் அவனுக்கு வலித்தது.

மனைவியிடம் போய் நின்றான். "போதும், சொல்லிடலாம்" என்றான்.

"என்னத்தச் சொல்லப் போறீங்க? தேர்வுக்கு முன்னாடி அவ மனசக் கலைக்காதீங்க."

மீத்திறன் குழந்தைகளுக்கென்றே விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எழுத்துத் தேர்வில் பெண் தேறிவிட்டாள், அடுத்தது நேர்காணல். வீட்டில் தானாகச் செய்த ஆய்வு ஒன்றைக் கொண்டுவந்து விளக்க வேண்டும். அம்மாவும் பெண்ணும் அறையைச் சாத்திக்கொண்டு பெரிய அட்டையில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னு எட்டிப் பார்த்தால், "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், புரியாது" என்பாள் மனைவி. இந்த வீட்டில் அவன் நடிக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளே அதை மறந்துகொண்டு வந்தாள். மறந்தாளோ, வசதியாக இருந்ததால் விட்டுவிட்டாளோ, அவளுக்கே வெளிச்சம்.

நேர்காணல் அன்று, பேக்கரியிலிருந்து நேராக வந்துவிடும்படி சொன்னாள்.

"வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு வர்றேனே."

"வேணாம். நேரமாயிடும். வேலை உடுப்புலயே வாங்க."

வந்தான். முழங்கைவரை மாவு, தலையில் மாவு, முட்டியில் எண்ணெய்க் கறை. வாசலில் காவல்காரர் அவனைப் பின்பக்கச் சமையலறை வழியாகப் போகச் சொன்னார். விளக்கிச் சொல்லி உள்ளே வருவதற்குள் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீளமான மேஜை. அதற்குப் பின்னால் தலை நரைத்த ஒரு அம்மாளும், தடித்த கண்ணாடி போட்ட ஒருவரும். பெண் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பினாள். மேலே கொட்டை எழுத்தில், 'மெதுவாகக் கற்கும் ஒரு பெரியவர்: வீட்டில் ஓர் ஆய்வு' என்று இருந்தது. கீழே பன்னுவின் படம். முக்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அதை எடுத்தது மனைவி. ஆசைக்கு எடுக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்திருந்தான்.

"இவர் எங்க அப்பா. இவருக்கு மறதி கிடையாது. சோம்பேறியும் கிடையாது. இவரோட தப்பெல்லாம் ஒரே மாதிரி வருது" என்று பெண் ஆரம்பித்தாள். "எண் பெரிசா இருந்தா அளவும் பெரிசுன்னு நினைச்சுக்குவார். பாதின்னு ஒரு வார்த்தை கேட்டா எதுவா இருந்தாலும் ரெண்டால வகுத்துடுவார். அதனால இவர் அடுத்து என்ன தப்பு சொல்வார்னு என்னால முன்னாடியே சொல்ல முடியும்."

அந்த நிலைமையிலும் பன்னுவுக்கு ஒரு பெருமை எழுந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அவன் பார்த்துப் பார்த்துச் செய்த தப்புகள் அவை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருந்த நூலை இந்தப் பொடிசு பிடித்துவிட்டதே. அவனுக்குத் தன் பெண்ணைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவள் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி, மடித்து, நரைத்த அம்மாளிடம் கொடுத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இவர் தினமும் மாவு பிசையறவர். அதனால மாவுக் கணக்கே கேக்குறேன். அப்பா, கவனமாக் கேளு. ஒரு தொட்டியில மாவு இருக்கு. ஒரு மணிக்கு ஒருதரம் அது ரெண்டு மடங்காகுது. எட்டு மணி நேரத்துல தொட்டி நிறைஞ்சுடுது. பாதித் தொட்டி நிறைய எத்தன மணி நேரம் ஆகியிருக்கும்?"

ஏழு. அவள் கேட்டு முடிப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிறைவதற்கு ஒரு மணி முன்னால்தான் பாதி. சீட்டில் அவள் நாலு என்று எழுதியிருப்பாள் என்பதும் தெரிந்தது. எட்டை இரண்டால் வகுக்கச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே. ஏழு என்று சொன்னால் அவன் மனிதனாக எழுந்து வெளியே போகலாம். அவள் அட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டியதுதான். அவன் கழுத்துக்குப் பின்னால் மனைவி மூச்சு விடுவது கேட்டது.

கையைத் தூக்கினான். "நாலு மணி நேரங்க மிஸ்."

நரைத்த அம்மாள் சீட்டைப் பிரித்தாள். அவளும் கண்ணாடிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள்.

கண்ணாடிக்காரர் அவன் பக்கம் குனிந்து, செவிடனிடம் பேசுவதுபோல் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "ஐயா. நீங்க. தனியா. வேலைக்குப். போயிட்டு. வருவீங்களா?"

"போவார் சார். பழகின வேலைதான்" என்றாள் மனைவி.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?" என்று நரைத்த அம்மாள் அவளிடம் கேட்டாள். பன்னு இருக்கும்போது பன்னுவைப் பற்றி அவளிடம் கேட்டாள்.

"ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்தே" என்று பன்னுவே பதில் சொன்னான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் பெண்ணும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். அட்டையை அவன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான், எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி. அழுகை வரவில்லை. அந்த நாள் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். இடம் கிடைக்கட்டும், சொல்லிவிடலாம்.

இடம் கிடைத்தது. மனைவி கூரியர் ஆபீஸ் முழுக்கச் சொல்லி மாய்ந்தாள். விடுதிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம், பெண் கட்டிலில் பெட்டியைத் திறந்துவைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் இருந்தாள். பன்னு குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, முக்காலியில் உட்காராமல் நின்றான்.

"அந்த மாவுக் கணக்கு" என்றான். "விடை ஏழு."

பெண் திரும்பிப் பார்த்தாள்.

"நிறையறதுக்கு ஒரு மணி முன்னாடி பாதியாத்தானே இருக்கும். அதனால ஏழு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீ நாலுன்னு எழுதியிருப்பேன்னும் தெரியும். ஆறுல ஒண்ணவிடக் கால் பங்குதான் பெரிசு. எல்லாமே தெரியும்மா. உன் புத்தகத்த எல்லாம் பேக்கரிக்குக் கொண்டுபோய்ப் படிச்சேன். மொத நாள் தூக்கத்துல தப்பாச் சொன்னேன், நீ அப்படிச் சிரிச்சே. அதுக்காகத்தான்."

அவள் கையில் இருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்தது. கண் விரிந்தது. உள்ளே எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. முதலில் காற்று, அப்புறம் சிரிப்பு. "அப்பா" என்று ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உனக்குத் தெரியுமா? அப்ப நீ என்னைவிடக் கஷ்டமான கணக்குப் போட்டிருக்கே. எனக்கு ஒரு விடை கண்டுபிடிச்சாப் போதும். நீ ரெண்டு கண்டுபிடிச்சிருக்கே" என்று சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். பன்னுவுக்கு, பட்டதற்கெல்லாம் இது போதும் என்று இருந்தது.

அவள் மெல்லக் கையை விட்டாள். முகத்தில் சிரிப்பு அடங்கி, பழைய ஜட்ஜம்மா வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் அங்க சொன்னது பொய்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"பொய்தான். மெதுவாக் கத்துக்கிறவர்னு சொன்னேன். நீ அப்படி இல்ல. அத வச்சுத்தான் எனக்கு இடம் குடுத்தாங்க. நாளைக்குப் போனதும் அந்த அம்மாகிட்டச் சொல்லிடணும். இடம் வேணாம்னு சொல்லிட்டு வந்துடலாம்."

அவள் சொன்னால் செய்வாள் என்பது இருவருக்கும் தெரியும். இருவர் என்றால், மனைவி எப்போதோ வந்து கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. பன்னுவைப் பார்த்தாள். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு பார்சலை எடைபோட்டு, இவ்வளவு ஆகும், அனுப்புகிறீர்களா இல்லையா என்று கேட்கும் முகம்தான் அது.

"நான்தான் அந்த விடைய அவருக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் பெண்ணிடம். "நீ ஊருக்குப் போறேல்ல, போறதுக்கு முன்னாடி உன்னச் சந்தோஷப்படுத்தணும்னு கேட்டார். இல்லையாங்க?"

பன்னு வாயைத் திறந்தான்.

"ஆமா" என்றான். "அம்மாதான் சொல்லிக்குடுத்தா."

பெண் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சாட்சியை விசாரிக்காமல் விடுகிறவளா அவள். "பொய். அப்பாவுக்குத் தெரியும். நான் புதுசா ஒண்ணு கேக்குறேன், அம்மா சொல்லிக்குடுக்காதது. அப்பா, நீ ஒரு வரிசையில நிக்குற. முன்னாடியிருந்து எண்ணினா நீ அஞ்சாவது ஆள். பின்னாடியிருந்து எண்ணினாலும் அஞ்சாவது. வரிசையில மொத்தம் எத்தன பேர்?"

முன்னால் நாலு, பின்னால் நாலு, நடுவில் அவன். ஒன்பது. இதைவிடச் சுலபமாக ஒரு கணக்கு அவள் கேட்டதே இல்லை. அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள்.

"பத்து" என்றான்.

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு." விரல்களை விரித்துக் காட்டினாள். "இங்க பாரு. இதுதான் நீ. உன்ன ரெண்டு தடவ எண்ணக் கூடாது. இப்ப சொல்லு. அப்பா, ப்ளீஸ்."

அவன் அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தான். நடுவில் நிற்கிற விரலை அவள் லேசாக ஆட்டிக்கூடக் காட்டினாள்.

"அஞ்சும் அஞ்சும் பத்துத்தானேம்மா" என்றான் பன்னு. அவன் செய்ததிலேயே நல்ல தப்பு அதுதான். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண்ணில் ஒன்றும் இல்லை.

பெண் விரல்களை மடக்கிக்கொண்டாள். அழவில்லை. கீழே விழுந்த சட்டையை எடுத்து உதறி, மடித்தாள்.

"தெரியாதது தப்பில்லப்பா" என்றாள், அவனைப் பார்க்காமல். "தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதுதான் தப்பு. இனிமே அப்படிப் பண்ணாத."

"சரிம்மா."

மனைவி பெருமூச்சு விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். பெண் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அம்மா. அப்பாவுக்கு இருக்கிறது எனக்கும் பின்னாடி வருமா?"

"வராதுடி. நீ என்னை மாதிரி."

ஒரு சாட்சி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதுகிற பழக்கம் ஜட்ஜம்மாவுக்குக் கிடையாது. பன்னுவிடம் திரும்பி, நிஜமான பயத்தோடு கேட்டாள்.

"நீ சொல்லு. வருமா?"

"வராதும்மா" என்றான் அவன். "என்கிட்டேர்ந்து உனக்கு ஒண்ணும் வரல."

அவள் நிம்மதியாகப் பெட்டியை மூடினாள்.